தகரத்துக்கு வைத்த குறி

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நமுனுகுல மலையடியில் உள்ள கருக்குப்பாறைத் தோட்டத்தில், பன்னிரண்டாம் நம்பர் மலையின் தேயிலை பிடுங்கப்பட்டு மரவள்ளி நடப்பட்டது.

கிழங்கு விரல் தடிமன் ஆனதும் பன்றிகள் வந்தன. மணிக்கட்டுத் தடிமன் ஆனதும் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த வருடம் கூப்பனுக்குக் கொடுக்கும் மாவு பாதியாகக் குறைந்திருந்தது. அரிசி கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. கொழுந்துக் கூடை முதுகில் தொங்க, நின்ற நிலையிலேயே சரிந்து விழுந்த பெண்களை வீரய்யா பார்த்திருக்கிறான். அவன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்க்கும் பிட்டர். ரோலர் நின்றாலும் அவன்தான், பங்களாவில் குழாய் ஒழுகினாலும் அவன்தான்.

அந்த மலைகளில் இரவுத் துவக்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஐந்து பற்றரி டோர்ச்சைச் சைக்கிள் டியூப்பால் குழலோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். முதலில் வெளிச்சம் விழும். பன்றியாக இருந்தால் கண்கள் இரண்டு கங்குகளாக மின்னும். மனிதராக இருந்தால் எழுந்து நின்று, கைகளைத் தூக்கி, “ஆளு! ஆளு!” என்று கத்த வேண்டும். கத்தியவரை எந்தக் காவல்காரனும் சுட்டதில்லை. பிடிபட்டால் அடி விழும், ஒரு நாள் பேர் வெட்டிக் கூலியைப் பிடிப்பார்கள், உயிர் போகாது. வெளிச்சம் இல்லையென்றால் துவக்கு இல்லை. லயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிக்கொள்ளும்.

பன்னிரண்டாம் மலையின் இரவுக் காவல் நல்லையாவுக்கு. அவன் மலையேறும் முன்னே ஓடைப் பாலத்தில் நின்று பெரிதாக இருமுவான். பிறகு பாறை மேல் டோர்ச்சை ஒருமுறை அடிப்பான். மரவள்ளிக்குள் இருப்பவர்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கமாக இறங்கிவிடுவார்கள். அவர்களில் நல்லையாவின் மகளும் இருந்தாள் என்று லயத்தில் பேச்சு.

இதெல்லாம் தோட்ட நிர்வாகியான பெரியதொரைக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாவில் அவர் தனியாக இருந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு பலமாக அடிபட்ட காலம் அது. மரவள்ளி எத்தனை அந்தர் எடை வந்தது என்று அவர் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். மறுவருடம் ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் வீரய்யாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார்.

பதுளையில் மர்ஸூக் முதலாளியின் கடை மணிக்கூண்டிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. கடிகாரம், கமரா, தொலைநோக்கி எல்லாம் திருத்துவார். தோட்டத்துத் தொரைமாருக்கு வேட்டைத் துவக்குச் சாமான்களும் வரவழைத்துக் கொடுப்பார். அவர் மேசைமேல் இரண்டு ஸ்கோப்புகளை வைத்தார்.

“தொர சுடப்போற சாமான்ட பேர நான் வாயால சொல்லல்ல,” என்று சிரித்தார் மர்ஸூக். “ஆனா அதுக்கு இந்தா, இது போதும். ஜேர்மன் கண்ணாடி. முன் கண்ணாடி எவ்வளவு பெரிசுன்டு பாருங்கொ. கொஞ்சம் நிலா இருந்தாப் போதும், அள்ளி எடுத்துத் தரும். பற்றரி வேணா, வயர் வேணா.”

“நிலா இல்லாட்டி?” என்றார் பெரியதொரை.

“நிலா இல்லாட்டி வீட்டுல படுக்கிறதுதான்.”

தொரை சிரிக்கவில்லை. அவர் கை மற்றதன்மேல் இருந்தது. தடித்த இரும்புக் குழல். அதன் தலையில் கருஞ்சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு விளக்கு. வயர் ஒன்று கீழே இறங்கிச் செங்கல் அளவு பெட்டிக்குள் போயிற்று. எங்கோ பட்டாளத்தில் இருந்தது. வெலிமடைப் பக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு தொரை விட்டுச் சென்றது.

“இந்த விளக்க எரிச்சா நம்மட கண்ணுக்கு ஒண்டும் தெரியா,” என்றார் மர்ஸூக். “குழலுக்குள்ள பாக்கிறவருக்கு மட்டும் பச்சப் பச்சயாத் தெரியும். கும்மிருட்டுலயும் தெரியும். ஆனா தொர, ரெண்டு விசயம் ஈக்கி. பகல் வெளிச்சம் பட்டா உள்ள ஈக்கிற குமிழ் பழுதாப் போகும். மத்தது, இதுல ஆள் தெரியும், ஆருன்டு தெரியா. முகமெல்லாம் ஒரே மாவுப் பூச்சுதான்.”

“முகம் எதுக்கு?”

மர்ஸூக் கண்ணாடியைத் துடைக்கும் துணியை மடித்தார். “டோர்ச்சுக் கட்டின துவக்கு ஆளுக்கு முந்திச் சொல்லும், நான் வாறன்டு. இது சொல்லாது. நான் ஜேர்மன் சாமானத்தான் நல்லமின்டு சொல்லுவன்.”

“நீ கடைக்காரனா, பள்ளியில பயான் பண்றவனா?” என்றார் தொரை. பிறகு வீரய்யாவிடம் திரும்பினார். “இத நம்ம ரைபிள்ல ஏத்த முடியுமா?”

வீரய்யா குழலைக் கையில் எடுத்துப் பார்த்தான். கனம். கைக்குப் புதிய வேலை. மனசுக்குள் அப்போதே அளவெடுக்கத் தொடங்கிவிட்டான்.

“ஏத்தலாங்க தொரை.”

ஸ்டோரில் கழற்றிப் போட்டிருந்த பழைய ரோலர் துண்டிலிருந்து அவன் அடித்தட்டு ஒன்றை அறுத்தெடுத்து அரத்தால் ராவினான். குழலை நேர் மேலே வைத்தால் தோட்டா போட வழியில்லை. போல்ட்டின் கைப்பிடியும் இடித்தது. ஆகவே சற்று இடப்பக்கமாகத் தள்ளி வைத்தான். ரைபிளின் முதுகில் துளையிட்டு, மரை வெட்டி, தட்டை முடுக்கி, அதன்மேல் இரண்டு வளையங்களில் குழலைப் படுக்கவைத்தான். வெடி அதிர்ச்சியில் வழுக்காமல் இருக்க வளையத்துக்குள் மெல்லிய தோல் வைத்தான். வேலை முடிந்தபோது தொரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “சீமையில செஞ்ச மாதிரி இருக்கு,” என்றார். வீரய்யாவுக்கு அன்று முழுவதும் அந்தச் சொல் காதில் இருந்தது.

குறி சரிபார்க்க வெளியே போக முடியாது. பகல் வெளிச்சம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரின் மேல்மாடியைத் திறந்தார்கள். கொழுந்து வாட்டும் அந்த மாடி அறுபது யார் நீளம். வீரய்யா ஜன்னல் பலகைகளை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் படங்குச் சாக்கைத் திணித்தான். வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே தன் கையே தனக்குத் தெரியவில்லை. கோடியில் கழிவுத்தூள் மூட்டைகளை அடுக்கி, அதன்முன் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்திருந்தான். தொரை இந்தக் கோடியில் மேசைமேல் ரைபிளைச் சாய்த்து உட்கார்ந்தார். பெட்டியின் பொத்தானைத் தட்டியதும் கொசு போல ஒரு ரீங்காரம் கேட்டது.

மூன்று வெடிக்குப் பிறகு வீரய்யா சுவரைத் தடவிக்கொண்டு போய்த் தகரத்தில் ஓட்டையைத் தேடினான். இடப்பக்கம் நாலு விரல் தள்ளியிருந்தது. “நாலு விரல் இடதுங்க,” என்று குரல் கொடுத்தான். வந்து வளையத்தின் திருகாணியைத் திருப்பினான். மறுபடி மூன்று வெடி. மறுபடி போனான். இந்த முறை ஓட்டை மூன்றும் தகரத்தின் நடுவில், ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் போல இருந்தன.

“நடுவுலங்க தொரை!”

ரீங்காரம் நிற்கவில்லை. பிறகு ரைபிளின் போல்ட் இழுபட்டு முன்னே போகும் சத்தம் கேட்டது.

“மூக்கச் சொறியாத,” என்றது இருட்டு.

வீரய்யாவின் கை மூக்கிலிருந்து இறங்கியது.

“இடது கையத் தூக்கு. அது இல்ல, மத்தது. ஒனக்கு இடது எது வலது எதுன்னு தெரியாதா?” தொரை சிரித்தார். “ஒத்தக் கால்ல நில்லு.”

நின்றான்.

“தொரை... வெளையாடாதீங்க தொரை. தோட்டா இருக்குங்க.”

“இருக்கு. ஒன் பனியன்ல ஒரு கிழிசல் இருக்கு பாரு, அதுலதான் வச்சிருக்கேன்.”

வீரய்யாவின் வாயிலிருந்து, அவன் நினைக்காமலே, “ஆளு! ஆளு!” என்று வந்துவிட்டது. கையும் தானே மேலே போயிற்று. தொரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் மாடி முழுவதும் கேட்டது. குழலைச் சாக்கால் மூடிவிட்டு ஜன்னல் பலகையைத் திறந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் தோட்டா தனியே நின்றது. அதை அவர் போடவே இல்லை.

“லயத்துல இதப்பத்தி ஒரு வார்த்த போச்சுன்னா,” என்றார், “வேலையும் போகும், காம்பிராவும் போகும். வெளங்குதா?”

“வெளங்குதுங்க.”

வீரய்யாவின் ஒற்றை அறைக் காம்பிராவில் அவனும் அவன் மனைவி ரெங்கம்மாவும் அவர்கள் பெண்ணும் மட்டும் இல்லை. ரெங்கம்மாவின் தங்கை வேலாயி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்திருந்தாள். அத்தனை வயிற்றுக்கும் அடுப்பில் ஏறுவது பாதிநாள் அவள் பன்னிரண்டாம் மலையிலிருந்து கொண்டுவரும் கிழங்குதான். அன்று மாலை அவன் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரிடமும் சொன்னான்.

வேலாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வெளிச்சம் இல்லாமச் சுடுவாராம். அப்ப தொரை என்ன, ஆந்தையா?”

“நான் பாத்தேன் புள்ள. இருட்டுல என் பனியன் கிழிசலச் சொல்றார்.”

“ஒங்க பனியன் கிழிசல் ஊருக்கே தெரியும் மச்சான். அதுக்குக் கண்ணாடி வேற வேணுமா?”

ரெங்கம்மா சிரிக்கவில்லை. “அவரு சொல்றதக் கேளு வேலாயி. கொஞ்ச நாளைக்குப் போவாத.”

“போவாம? புள்ளைங்களுக்குக் கண்ணாடியத்தான் அவிச்சுக் குடுக்கணும்.” அவள் குரல் இறங்கியது. “நான் ஓடைப்பக்கமெல்லாம் போறதில்லக்கா. அங்க பன்னி கொத்திப் போட்டிருக்கு. மேல நல்லையா அண்ணன் தகரம் கட்டித் தொங்கவிட்டிருக்காரில்ல, காத்துக்கு லொட லொடன்னு அடிக்கிறது? அந்தச் சத்தத்துக்குப் பன்னி அண்டாது. தகரத்தடியிலதான் கிழங்கு முழுசா கெடக்கு. எல்லாரும் அங்கதான் தோண்டறோம். வெளிச்சம் வந்தா எந்திரிச்சுக் கத்தறேன், போதுமா?”

“வெளிச்சம் வராதுன்னுதான் சொல்றேன்!”

“வெளிச்சம் வராட்டி துவக்கும் வராது,” என்றாள் வேலாயி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஸ்கோப்பின் பற்றரிப் பெட்டியை ஸ்டோர் எஞ்சின் அறையில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். வியாழக்கிழமை அதை எடுக்க வீரய்யா பங்களாவுக்குப் போனான். தொரை ரைபிளையும் சேர்த்துக் கொடுத்தார். திருகாணிகளை இன்னொரு தரம் இறுக்கி வைக்கச் சொன்னார்.

“நல்லையாவ அந்த மலையிலருந்து எடுத்தாச்சு. சனிக்கிழமை நானே போறேன். ஒரு வெடி போதும் வீரய்யா. அப்புறம் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்க.”

“பன்னிங்களாங்க தொரை?”

தொரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா. பன்னிதான்,” என்று சிரித்தார்.

எஞ்சின் அறையில் ரைபிளை மடியில் வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். குழலைப் போட்டு உடைக்கலாம். உடைத்தால் யார் என்று தெரியும். மர்ஸூக்கிடம் இன்னொன்று வரும். வயரை அறுத்தாலும் அப்படியே. லயத்தில் போய்க் கத்தலாம். தன் வீட்டிலேயே நம்பவில்லை. காம்பிரா போவதுதான் மிச்சம். குழல் உடையக்கூடாது, பார்க்கவும் வேண்டும், ஆனால் பார்க்கும் இடத்துக்குக் குண்டு போகக்கூடாது. அது அவன் கையில் இருந்தது.

பித்தளைத் தகட்டில் சதக்காசு கனத்தில் ஒரு துண்டு வெட்டினான். முன்வளையத்தைத் தளர்த்தி, தோலுக்கு அடியில், வலப்பக்கமாக அதைச் செருகினான். குழலின் மூக்கு இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பியது. மாடித் தூரத்தில் குண்டு குறிக்கு வலப்பக்கம் ஒரு முழத்துக்கு மேலே விலகிப் போகும். எந்த மனுசர் நெஞ்சில் வைத்தாலும் குண்டு பக்கத்து மண்ணில்தான் இறங்கும். வளையத்தை முடுக்கி, எண்ணெய்த் துணியால் விரல் அடையாளத்தைத் துடைத்தான். பங்களாவில் கொடுத்தபோது தொரை குழலைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“கெட்டி,” என்றார்.

“கெட்டிங்க தொரை.”

வீட்டுக்கு நடந்தபோது நாலைந்து நாளாக இல்லாத இலேசு அவன் நடையில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வேலாயி சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன மச்சான், கண்ணாடிக் கதைய இன்னைக்குக் காணோம்?”

“போயிட்டு வெரசா வா,” என்றான்.

ஒரே ஒரு வெடிதான் கேட்டது.

கிழங்கெடுக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கிருந்து வெடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் விழவில்லை, யாரும் கத்தவும் இல்லை. விடியும் முன் நல்லையாதான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேலாயியைக் கம்பளியில் சுமந்து இறக்கினான். குண்டு வலது கண்ணுக்கு மேலே ஏறியிருந்தது. அவள் கையில் பிடித்திருந்த கிழங்கைப் பிடுங்க முடியாமல், தூரோடு சேர்த்து வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

விடிந்ததும் பங்களாவிலிருந்து வீரய்யாவுக்கு ஆள் வந்தது. தொரை சவரம் செய்திருக்கவில்லை. ரைபிள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது.

“நான் தகரத்துக்குத்தான் வச்சேன்,” என்றார். “தகரம் தொங்குதில்ல, கம்பத்துல, இடுப்பு உயரத்துக்கு? அதுல. வெளிச்சம் இல்லாம திடீர்னு தகரம் அடிபடணும், எல்லாரும் பயந்து சாகணும். அவ்வளவுதான். அவ தகரத்துக்கு வலப்பக்கம் ஒரு முழத்துக்கு மேல தள்ளிக் குனிஞ்சிருந்தா. நல்லாத் தெரிஞ்சுது. அவ மேல படாதுன்னுதான் சுட்டேன்.”

வீரய்யா மேசைமேல் கிடந்த ரைபிளைப் பார்த்தான்.

“போன ஞாயித்துக்கிழமை நடுவுல அடிச்சுது,” என்றார் தொரை. “ நீதானே போய்ப் பாத்த? கழட்டு.”

“தொரை...”

“கழட்டுன்னா கழட்டு.”

வீரய்யா திருப்புளியை எடுத்து முன்வளையத்தைத் தளர்த்தினான். வளையம் திறந்ததும் பித்தளைத் துண்டு மேசை விரிப்பின்மேல் விழுந்தது. தொரை அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வளையத்தில் வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். அவர் படித்தவர். நேரம் பிடிக்கவில்லை.

“அடேயப்பா,” என்றார் மெதுவாக. அவர் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கிவிட்டதை வீரய்யா கண்டான். “நான் மனுசனக் கொல்லுவேன்னு நெனச்சியா?”

“பன்னின்னு சிரிச்சீங்களே தொரை.”

“சிரிச்சா?” அவர் அந்தத் துண்டை வீரய்யாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டார். “பத்திரமா வச்சுக்க. யாரு அவ ஒனக்கு?”

“கொழுந்தியாங்க.”

“ம்.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “பொலிஸ் பத்து மணிக்கு வரும். அதுக்குள்ள இந்தக் குழல் இங்க இருக்கக்கூடாது, தட்டையும் கழட்டிரு. துளைல மெழுகும் கரியும் வச்சு அடை. பழைய டோர்ச்சக் கட்டு. நான் பன்னிக்குப் போனேன். வெளிச்சம் போட்டேன். அவ எந்திரிக்கல, கத்தல. டோர்ச்சக் கட்டிக் குடுத்தது நீ. நீ இதச் சொல்லு, நான் அந்தப் பித்தளத் துண்டச் சொல்லல.”

வீரய்யா டோர்ச்சைக் கட்டினான். சைக்கிள் டியூப்பை இழுத்து மூன்று சுற்றுச் சுற்றி, வழக்கமான முடிச்சே போட்டான்.

மரண விசாரணை ஸ்டோர் முன்னால் உள்ள தோட்ட அலுவலகத்தில், கந்தோரில், நடந்தது. அவனிடம் கேட்கப்பட்டவை கொஞ்சம்தான்.

“துவக்குல டோர்ச் கட்டியிருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“யாரு கட்டினது?”

“நாந்தாங்க.”

“எரியுமா?”

“நல்லா எரியுங்க.”

வெளியே நின்ற கூட்டத்தில், அன்றிரவு மலையில் கிழங்கு தோண்டியவர்களும் நின்றார்கள். வெளிச்சம் விழவில்லை என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால், தாங்கள் அங்கே இருந்ததையும் சொல்ல வேண்டும். பெரியாயி என்ற கிழவி மட்டும் வீரய்யா வெளியே வந்தபோது அவன் காலடியில் துப்பினாள். மற்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

காம்பிராவில் ரெங்கம்மா தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே நுழைந்ததும் கேட்டாள்.

“வெளிச்சம் போட்டாங்களா?”

அவன் சட்டைப் பையில் பித்தளைத் துண்டு கிடந்தது.

“போட்டாங்க.”

“அவ கத்தலையா?”

“கத்தல.”

“எந்திரிச்சுக் கத்துறேன்னு சொல்லிட்டுத்தானே போனா,” என்றாள் ரெங்கம்மா. “எப்பவும் இப்படித்தான். சொன்னத ஒரு நாளும் செஞ்சதில்ல, பாவி.” அதன் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.

வெளிச்சம் விழுந்தும் குரல் கொடுக்காததால், பன்றி வேட்டையின்போது நேர்ந்த தற்செயலான மரணம் என்று தீர்ப்பாயிற்று. நல்லையா மறுபடியும் பன்னிரண்டாம் மலைக் காவலுக்கு அனுப்பப்பட்டான். ஒக்டோபர் மாதம் அங்கே கிழங்கு வெட்டினார்கள். வேலாயியின் பிள்ளைகள் இருவரும் ரெங்கம்மாவின் கூப்பனில் சேர்க்கப்பட்டார்கள்.